திருகோணமலைக் காற்றுக்கு ஒரு முக்காலி: எடை, விறைப்பு, விலை

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவிப்புகளில் இரண்டு வேகங்கள் அடிக்கடி வரும். காற்று மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வரை வீசும், சில வேளைகளில் 50 முதல் 60 கி.மீ. வரை அதிகரிக்கும். முதல் வீச்சின் நடுவை ஒட்டி 36 கி.மீ. இருக்கிறது, அது செக்கனுக்கு 10 மீற்றர். இரண்டாவது வீச்சின் நடுவை ஒட்டி 54 கி.மீ.; அது செக்கனுக்கு 15 மீற்றர். வளியின் அடர்த்தியைக் கன மீற்றருக்கு 1.2 கி.கி. என்று எடுத்தால் முதலாவது 60 பஸ்கால் அழுத்தம் தரும், இரண்டாவது 135 பஸ்கால். வேகம் 50 வீதம் கூடும்போது அழுத்தம் 125 வீதம் கூடுகிறது. டச் பே கடற்கரையிலோ சுவாமி மலையிலோ கமராவை நிறுத்த முக்காலி வாங்குபவர் கடையிலேயே இந்த 125 வீதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முக்காலி இன்னும் தேவையா என்பதற்கும் கணக்கு உண்டு. கையில் பிடித்து எடுக்கும்போது குவியத்தூரத்தின் தலைகீழ் அளவு பாதுகாப்பானது என்பது பழைய விதி. 200 மி.மீ. லென்ஸுக்கு அது 1/200 செக்கன். 2020இல் வெளிவந்த கனன் ஆர்5 கமராவுக்கு, பொருத்தமான லென்ஸுடன், 8 படிகள் வரை அதிர்வுத் தணிப்பு உண்டு என்று நிறுவனம் சொல்கிறது. 8 படி என்பது 256 மடங்கு. 1/200 செக்கன் 1.28 செக்கனாக நீளும். உள்துறைமுகத்தின் விளக்குகள் நீரில் கோடாக விழ 30 செக்கன் திறப்பு வேண்டுமென்றால் 6,000 மடங்கு, அதாவது ஏறக்குறைய 12.6 படிகள் தேவை. நிறுவனத்தின் கூற்றை முழுமையாக ஏற்றாலும் 4.6 படிகள் குறைகின்றன. அந்த இடைவெளியைக் கை நிரப்பாது.

எங்கே தேவையில்லை என்பதையும் முதலிலேயே கழித்துவிடலாம். நீலத்திமிங்கிலம் பார்க்கப் போகும் படகில் தளமே அசைவதால் முக்காலியின் பயன் 0. கடற்படைத் தளத்தையும் சீனக்குடா விமானப்படைத் தளத்தையும் நோக்கி அதை விரிப்பது வீண் வம்பு. பிரெட்றிக் கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை அதனூடாகவே செல்கிறது. கேட்டுவிட்டு விரிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனி விழும் கணக்கு. மாதிரிக்கு ஒரு தொகுதி: கனன் 5டி மார்க் 4 கமரா 890 கிராம், 70–200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் மூன்றாம் பதிப்பு 1,480 கிராம், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2.4 கி.கி. இதன் கீழே 2.5 கி.கி. முக்காலியும் 0.5 கி.கி. பந்துத்தலையும். மொத்தம் 5.4 கி.கி. கால்களின் உயரம் 1.4 மீற்றர், கால் நிலைக்குத்திலிருந்து விரியும் கோணம் 23 பாகை. மையத்திலிருந்து ஒவ்வொரு பாதமும் 59 செ.மீ. தள்ளி நிற்கும். ஆனால் இரண்டு பாதங்களை இணைக்கும் கோடு மையத்திலிருந்து அதில் பாதி, அதாவது 30 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. முக்காலி கவிழ்வது அந்தக் கோட்டின் மேல்தான். அதைத் தடுக்கும் திருப்புதிறன் 15.7 நியூற்றன் மீற்றர்.

எதிர்ப்பக்கத்தில் காற்று. கமராவும் லென்ஸும் பக்கவாட்டில் 0.03 சதுர மீற்றர் காட்டுகின்றன என்று வைப்போம். சராசரி 25 மி.மீ. விட்டமுள்ள மூன்று கால்கள் சேர்ந்து 0.114 சதுர மீற்றர் காட்டும். அதாவது காற்று பிடிக்கும் பரப்பில் 79 வீதம் கால்களுடையது. இழுவைக் குணகம் 1.2 என்றால், செக்கனுக்கு 15 மீற்றர் காற்றில் கமரா தரும் கவிழ்ப்புத் திருப்புதிறன் 7.3, கால்கள் தருவது 12.9, மொத்தம் 20.2 நியூற்றன் மீற்றர். தடுப்பதோ 15.7. இரண்டும் சமப்படும் வேகம் மணிக்கு 48 கி.மீ. அறிவிப்பில் வரும் ‘50 முதல் 60’ என்ற வீச்சு தொடங்கும் முன்பே முக்காலி சாய்ந்துவிடும்.

பாரமான முக்காலி வாங்கினால் தீருமா? அதே உயரத்தில், அதே விரிவில், 1.2 கி.கி. பயண முக்காலியையும் 0.3 கி.கி. தலையையும் வைத்துக் கணக்கிட்டால் மொத்தம் 3.9 கி.கி. கால்கள் மெலிந்து சராசரி 19 மி.மீ. ஆவதால் காற்றும் குறைவாகவே பிடிக்கிறது. கவிழும் வேகம் மணிக்கு 44 கி.மீ. முக்காலியின் எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் கிடைத்த ஆதாயம் 4 கி.மீ. மட்டுமே. எடையை நம்பிக் காசு செலவழிப்பவர் இந்த 4 கி.மீ. ஐத்தான் வாங்குகிறார்.

இப்போது நடுவில் 3 கி.கி. மணற்பையைக் கட்டுங்கள். காய்ந்த மணல் லீற்றருக்கு ஏறத்தாழ 1.6 கி.கி. என்பதால் 2 லீற்றருக்குச் சற்றுக் குறைவான மணல் போதும், இல்லாவிட்டால் 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. பாரமான முக்காலி கவிழும் வேகம் 48இலிருந்து 59 கி.மீ. ஆகிறது. இலேசான முக்காலியினுடையது 44இலிருந்து 58ஐத் தாண்டுகிறது. இரண்டுக்கும் இடையில் மிஞ்சும் வித்தியாசம் ஏறத்தாழ 1 கி.மீ. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மணலின் விலை 0 ரூபா. பை மட்டும் காற்றில் ஊஞ்சலாடக் கூடாது. அடிப்பக்கம் நிலத்தைத் தொடும் அளவுக்குக் கயிற்றை நீட்ட வேண்டும்.

இதைவிட மலிவானது கால் வைக்கும் திசை. ஒரு காலைக் காற்று போகும் திசைக்கு நேராக நீட்டினால், கவிழ்வதற்குத் தேவையான திருப்புதிறன் இரட்டிக்கும், வேகம் 1.41 மடங்காகும். மணல் இல்லாமலே 48 கி.மீ. 67 கி.மீ. ஆகிறது. காற்று 15 பாகை திரும்பினால் ஆதாயம் 41 வீதத்திலிருந்து 19 வீதமாகச் சுருங்கும், 30 பாகை திரும்பினால் 7 வீதத்தை ஒட்டி வரும். எனவே இது நிலையான காற்றுக்குரிய வழி. தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காலத்தில், சுவாமி மலையில் அந்த ஒற்றைக் கால் கடற்பக்கம்தான் போக வேண்டும். அங்கே கீழே விழும் தூரம் சுமார் 120 மீற்றர் என்பதால், சுவரிலிருந்து சற்று விலகி நிற்பது கணக்குக்கு அப்பாற்பட்ட யோசனை. உயரத்தை 1.4 மீற்றரிலிருந்து 1 மீற்றராகக் குறைப்பதும் உதவும், ஆனால் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக: 48 கி.மீ. 52 ஆகும். பாதங்களும் உள்ளே வந்துவிடுவதே காரணம்.

ஆக, விழாமல் நிற்பதைக் கடற்கரையிலேயே பெற்றுக்கொள்ளலாம். அசையாமல் நிற்பது வேறு விடயம். அதற்குரிய அளவு விறைப்பு. மணல் அதைத் தராது, காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

எவ்வளவு அசைவு கெடுதி? மேற்சொன்ன 5டி மார்க் 4 கமராவில் 36 மி.மீ. அகலத்துக்கு 6,720 பிக்சல்கள்; ஒரு பிக்சல் 0.0054 மி.மீ. 200 மி.மீ. லென்ஸில் அது 5.5 வில்செக்கன் கோணம். 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால் ஒரு பிக்சலுக்குள் அடங்குவது 1.06 செ.மீ. வேறு விதமாகச் சொன்னால், 10 செ.மீ. நீளமான அடித்தளத்தின் ஒரு முனை 0.0027 மி.மீ. உயர்ந்தாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமயிரின் தடிப்பை 0.07 மி.மீ. என்று கொண்டால் இது அதில் 26இல் ஒரு பங்கு. 24 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் 46 வில்செக்கன். அதாவது எட்டு மடங்குக்கு மேல் தாராளம். 600 மி.மீ. லென்ஸில் 1.8 வில்செக்கன். நிலக்காட்சி மட்டும் எடுப்பவருக்கும் பறவை எடுப்பவருக்கும் ஒரே முக்காலியைப் பரிந்துரைப்பது இந்த 25 மடங்கு வித்தியாசத்தை மறப்பதாகும்.

விறைப்பின் பெரும்பகுதி குழாயின் விட்டத்தில் இருக்கிறது. சுவர்த் தடிப்பு 1.5 மி.மீ. என்று மாறாமல் வைத்து, 22, 28, 32 மி.மீ. வெளிவிட்டமுள்ள மூன்று குழாய்களை ஒப்பிடுவோம். 22இலிருந்து 28க்குப் போகும்போது உலோகம் 29 வீதம் கூடுகிறது, வளைவை எதிர்க்கும் திறன் 116 வீதம் கூடுகிறது. 22இலிருந்து 32க்குப் போகும்போது உலோகம் 49 வீதம், எதிர்ப்பு 228 வீதம். ஒவ்வொரு மேலதிக கிராமுக்கும் ஏறத்தாழ நான்கு மடங்கோ அதற்கு மேலோ பதில் கிடைக்கும் இடம் முக்காலியில் இது ஒன்றே. கடையில் விட்டம் அளக்க வேர்னியர் கொண்டுபோனால் சிரிப்பார்கள். மடக்கு அளவுநாடா போதும், 22க்கும் 28க்கும் உள்ள 6 மி.மீ. கண்ணுக்கே தெரியும்.

ஆனால் விளம்பரத்தில் வரும் விட்டம் பெரும்பாலும் மேற்குழாயினுடையது. மணலில் ஊன்றுவது கடைசிக் குழாய். ஒவ்வொரு பகுதியும் 3 மி.மீ. மெலிகிறது என்று கொண்டால், 28இல் தொடங்கும் மூன்று பகுதிக் கால் 22 மி.மீ.இல் முடியும், ஐந்து பகுதிக் கால் 16 மி.மீ.இல் முடியும். 16 மி.மீ. குழாயின் எதிர்ப்பு 22 மி.மீ. குழாயினதில் 36 வீதம், 28 மி.மீ. குழாயினதில் 16.5 வீதம். பூட்டுகளின் எண்ணிக்கையும் 6இலிருந்து 12 ஆகிறது. பதிலுக்குக் கிடைப்பது மடித்த நீளம். மன்ஃப்ரோட்டோ 190 எக்ஸ்புரோ வரிசையில் மூன்று பகுதி அலுமினிய முக்காலி மடித்தால் 59 செ.மீ., எடை 2.0 கி.கி.; நான்கு பகுதி 49 செ.மீ., 2.1 கி.கி. 10 செ.மீ. சுருக்கத்துக்கு 100 கிராமும் 3 பூட்டுகளும் விலை. கைப்பொதியின் நீளம் 55 அல்லது 56 செ.மீ. என்று பல விமான நிறுவனங்கள் வரம்பு வைத்திருப்பதால், ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வாங்கி வருபவருக்கு அந்த 10 செ.மீ. பெறுமதியானது. திருகோணமலையிலேயே இருப்பவருக்கு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்ட 59 செ.மீ. ஒரு தடையல்ல.

நடுத்தண்டு தனிக்கணக்கு. தண்டு ஒற்றைக் குழாய். மூன்று கால்கள் பகிர்ந்த வேலையை அது தனியே செய்கிறது. வெளியே நீட்டிய நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளைவும், இருமடிக்கு ஏற்பச் சாய்வுக் கோணமும் கூடும். 10 செ.மீ. உயர்த்திய தண்டை 30 செ.மீ. ஆக்கினால் வளைவு 27 மடங்கு, கோணம் 9 மடங்கு. மன்ஃப்ரோட்டோ 055 எக்ஸ்புரோ வரிசையின் மூன்று பகுதி முக்காலிக்கு அதிகபட்ச உயரம் 170 செ.மீ. என்று பெட்டியில் இருக்கும். தண்டை உயர்த்தாமல் 140 செ.மீ. பெட்டியின் எண்ணில் 30 செ.மீ. தண்டினுடையது. 165 செ.மீ. உயரமான ஒருவரின் கண்மட்டம் ஏறத்தாழ 154 செ.மீ. அதில் தலைக்கு 10, கமராவின் பார்வைத் துவாரம் வரை 8 செ.மீ. கழித்தால் 136. ஆகவே 140 போதும், 170 தேவையில்லை. 190 வரிசைக்குத் தண்டின்றி 135 செ.மீ.; 1 செ.மீ. குனிந்தால் சரி.

பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் இன்னொரு எண் தாங்குசுமை. 190க்கு 7 கி.கி., 055க்கு 9 கி.கி. நமது கமராத் தொகுதி 2.4 கி.கி.; 7இல் 34 வீதம், 9இல் 27 வீதம். இரண்டும் தாராளம். தாங்குசுமை என்பது உடையாமலும் நழுவாமலும் நிற்பதற்கான அளவு. நிறுவனங்கள் அதைத் தத்தம் முறையில் அளக்கின்றன. இரு நிறுவனங்களின் எண்களை அடுத்தடுத்து வைத்து முடிவெடுக்க முடியாது. மேலே சொன்ன 5.5 வில்செக்கன் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. மலிவான முக்காலிகளில் இது மிகத் தாராளமாக எழுதப்பட்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

பொருள்: அலுமினியமா, காபன் நாரா? அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம், காபன் நார்க் குழாயினுடையது ஏறத்தாழ 1.6. குழாய் மட்டத்தில் 41 வீதம் குறைவு. ஆனால் முக்காலியில் குழாயைத் தவிர மூட்டும் பூட்டும் திருகாணியும் உண்டு. 055இன் அலுமினிய வடிவம் 2.5 கி.கி., காபன் வடிவம் 2.0 கி.கி.; குறைவு 20 வீதம். கமராவும் தலையும் சேர்ந்த 5.4 கி.கி. சுமையில் அது 9 வீதம் மட்டுமே. கிட்சோ நிறுவனம் முதலாவது காபன் நார் முக்காலியை 1994இல் கொண்டுவந்தது. 30 ஆண்டுகள் கடந்தும் விலை இடைவெளி மூடவில்லை. ஒரே வரிசையின் இரு வடிவங்களுக்கிடையே 150 டொலர் வித்தியாசம் என்று உதாரணத்துக்கு வைத்தால், 100 கிராமைக் குறைக்க 30 டொலர். காபன் அதிர்வை விரைவில் அடக்கும் என்பது உண்மை, நண்பகல் வெயிலில் கை சுடாது என்பதும் உண்மை. நடந்து கன தூரம் போகாதவருக்கு அந்த 30 டொலரைத் தடித்த குழாயில் போடுவதே ஆதாயம் என்று எண்கள் காட்டுகின்றன.

கமராவும் முக்காலியும் சந்திக்கும் திருகாணி 1/4 அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; அங்குலத்துக்கு 20 புரி. தலையும் காலும் சந்திப்பது 3/8 அங்குலம், 9.5 மி.மீ.; அங்குலத்துக்கு 16 புரி. குறுக்குப் பரப்பில் இரண்டாவது 2.25 மடங்கு. முதலாவதன் புரியிடை 1.27 மி.மீ. என்பதால் 5 மி.மீ. உள்ளே போனாலும் பிடிப்பது 4 புரிகள் மட்டுமே. நீண்ட லென்ஸை இந்த 4 புரிகளில் கமராவிலிருந்து தொங்கவிடாமல், லென்ஸின் வளையத்தில் பூட்ட வேண்டும். காற்றின் விசை மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளித் தாக்குவதற்குப் பதில் 5 செ.மீ. தள்ளித் தாக்கினால் முறுக்கு 58 வீதம் குறையும். நில அளவையாளரின் மரமுக்காலி ஒன்று கையில் கிடைத்தால் அதையும் தள்ள வேண்டாம்: எடை பெரும்பாலும் 5 முதல் 7 கி.கி., திருகாணி 5/8 அங்குலம், அதாவது 15.9 மி.மீ. மாற்றித் திருகாணி ஒன்று போட்டால் எந்த விலையுயர்ந்த முக்காலியோடும் விறைப்பில் போட்டியிடும். தூக்கிக்கொண்டு நடப்பதுதான் பாடு.

உப்பின் கணக்கு சிறியது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஒரு காலுக்குள் 10 மில்லிலீற்றர் தங்கிக் காய்ந்தால் 0.35 கிராம், மூன்று கால்களுக்கும் 1 கிராமைத் தாண்டும். அலுமினியத்தின் மேல் உள்ள காப்புப் படலம் தாங்கும். உருக்குத் திருகாணி தாங்காது, காபன் முக்காலியிலும் அந்தத் திருகாணிகள் உண்டு. அலைக்கரையில் நிறுத்தும்போது கடைசிப் பகுதியை முழுமையாக நீட்டி, மேற்பகுதியைக் குறுக்கினால் பூட்டு நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். கடலால் வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு, பகுதிகளை நீட்டியபடியே காயவிட வேண்டும். 6 பூட்டு கழுவுவதற்கும் 12 பூட்டு கழுவுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு பருவத்துக்குள் தெரிந்துவிடும்.

விலைக்கு வருவோம். 100 டொலர் பெறுமதியான முக்காலியை அளவுகோலாக எடுத்து, சுங்கத்தீர்வை, கப்பற்கூலி, வியாபாரியின் இலாபம் ஆகியவற்றை ஒதுக்கி, நாணய மாற்றையும் பெறுமதி சேர் வரியையும் மட்டும் பார்க்கலாம். 2022 தொடக்கத்தில் டொலர் சுமார் 201 ரூபா, வரி 8 வீதம்: 21,708 ரூபா. 2022 முடிவில் டொலர் சுமார் 363, வரி 15 வீதம்: 41,745 ரூபா. ஓராண்டுக்குள் 92 வீத ஏற்றம். 2023 முடிவில் 324 ரூபா, அதே வரி: 37,260. அடுத்த நாள், 2024 ஜனவரி 1இல், வரி 18 வீதமானது. டொலர் அசையாவிட்டாலும் அதே முக்காலி 38,232. ஒரே இரவில் 972 ரூபா. 2024 முடிவில் டொலர் சுமார் 293: 34,574 ரூபா.

2022 தொடக்கத்துக்கும் 2024 முடிவுக்கும் இடையில் ஏற்றம் 12,866 ரூபா, 59 வீதம். வரி 8 வீதத்திலேயே நின்றிருந்தால் விலை 31,644 ஆக இருந்திருக்கும். ஆகவே ஏற்றத்தில் 9,936 ரூபா நாணய மாற்றுக்குரியது, 2,930 ரூபா வரிக்குரியது. பங்கு முறையே 77, 23 வீதம். டொலர் உச்சத்திலிருந்து 19 வீதம் இறங்கியும் முக்காலி 17 வீதமே இறங்கியதற்கு அந்த வரியே காரணம். காபன் வடிவத்துக்கான 150 டொலர் மேலதிகம் இந்தக் கணக்கில் 51,861 ரூபா: அரைக் கிலோவைக் குறைக்க அரை இலட்சத்துக்கு மேல்.

30 டொலர் முக்காலி இதே முறையில் 10,372 ரூபா. 34,574 ரூபா முக்காலி 10 ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுச் செலவு 3,457. மலிவானது அதற்குச் சமப்பட 3 ஆண்டு உழைக்க வேண்டும். 2 ஆண்டில் பூட்டு போனால் ஆண்டுச் செலவு 5,186, அதாவது 50 வீதம் கூடுதல். உதிரிப்பாகம் கிடைப்பதும் இதில் அடங்கும். ஒரு பூட்டுக்காக முழு முக்காலியையும் எறிய வேண்டிய நிலை 6 பூட்டில் ஒன்று போனாலே வந்துவிடும்.

பழையது வாங்குவதானால் விலையைவிடச் சோதனை முக்கியம், அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். லென்ஸை 200 மி.மீ.இல் வைத்து, திரையில் 10 மடங்கு பெருக்கி, தூரத்துக் கம்பம் ஒன்றைக் குறிவைத்துக் காலை விரலால் தட்டிப் பாருங்கள். கமராவின் குறுகிய சுயமுடுக்கித் தாமதம் 2 செக்கன். அதற்குள் கம்பம் அசைவதை நிறுத்தாவிட்டால், அந்த முக்காலியில் 2 செக்கன் தாமதம் வைத்து எடுக்கும் படம் ஒவ்வொன்றும் அசைவோடுதான் தொடங்கும். பிறகு கடைசிப் பகுதியை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி தட்டுங்கள். அசைவு தெளிவாகக் குறைந்தால் குறை மெல்லிய குழாயில். குறையாவிட்டால் மூட்டிலோ தலையிலோ. முதலாவதற்கு மருந்து இல்லை. இரண்டாவதை ஓர் அலன் சாவி சரிப்படுத்தக்கூடும், அப்படியானால் விலை பேசலாம்.